மாலை போடலாமா என்று யோசிக்கிறேன் (ஷிப்ட் மாற்றித் தரும் நண்பன் விஷயம்)

குறிச்சி லேத் | 2025 அக்டோபர் 11, இரவு 9:50

சபரிமலைக்கு மாலை போடுகிற கார்த்திகை ஒன்று, நவம்பர் 17. இன்னும் ஐந்து வாரம். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் கறுப்பு வேட்டியை எடுத்து வெயிலில் போட்டிருப்பேன். இந்த வருஷம் பீரோவைத் திறக்கவே மனசு வரவில்லை. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோவில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். காலை ஆறரை, மதியம் இரண்டரை, இரவு பத்தரை. வாரம் ஒரு தடவை ஷிப்ட் சுற்றும். 2016-லிருந்து சபரிமலைக்குப் போகிறேன். நடுவில் கொரோனா வருஷம் மட்டும் போகவில்லை.

மாலை போட்டால் விடியற்காலை குளியல், பூஜை. சாயங்காலமும் குளியல், பூஜை, சரணம் சொல்வது. ரெண்டாவது ஷிப்டில் சாயங்காலம் போய்விடும், மூணாவதில் விடியற்காலை போய்விடும். அதனால் 41 நாளும் எனக்கு முதல் ஷிப்ட்தான். எப்படிக் கிடைக்கிறது? என் கூட்டாளி ஒருவன் இருக்கிறான், பாய். என் ஷிப்டையெல்லாம் அவன் எடுத்துக்கொள்வான். மூன்றாவது ஆளிடமும் அவனே பேசிச் சரிக்கட்டுவான். மற்ற நாளில் "டேய்" என்று கூப்பிடுகிறவன் மாலையைப் பார்த்ததும் "சாமி, டூல் தேஞ்சு போச்சு, மாத்தி விட்டுப் போங்க" என்பான். எட்டு வருஷமாக இப்படித்தான்.

இந்த ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். பாய் அவன் அம்மாவைக் கூட்டி வந்தான். கையில் வாக்கர். பொரி கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "எப்பம்மா விழுந்தீங்க?" என்று கேட்டேன். "போன மார்கழியில கண்ணு. நீ மலைக்குப் போயிருந்தியே, அப்போ. இடுப்பு ஆபரேசன். பாவம் இவன், ராத்திரி வேலைக்கும் பகல்ல ஆஸ்பத்திரிக்குமா ஆறு நாள் அலைஞ்சான்" என்றார்.

அந்த ஆறு ராத்திரியும் என் ஷிப்ட்.

நான் வந்ததும் அரவணைப் பிரசாத டின்னைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "கூட்டம் எப்படி?" என்று கேட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபரேசன் முடிந்ததும் அம்மா பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் பத்து மாசம் எனக்குத் தெரியவே இல்லை.

பூஜை முடிந்து, "ஏன்டா சொல்லல?" என்றேன். "சொன்னா நீ மலையில நின்னு என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு மெஷினுக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கப் போய்விட்டான்.

இப்போது மாலை போடவே கூச்சமாக இருக்கிறது. விரதம் இருந்தது நானா அவனா?

---

நாலாவது சந்து | அக்டோபர் 11, இரவு 10:32

இதில் என்ன குழப்பம்? போகாதீர்கள். உங்கள் சாமி உங்களை ஒன்றும் தேடப் போவதில்லை. லட்சக்கணக்கான பேர் வருகிறார்கள், ஒருவர் குறைந்தால் வரிசை கொஞ்சம் சீக்கிரம் நகரும். ஒரு மனிதன் ஆறு ராத்திரி தூங்காமல் நின்றிருக்கிறான். கும்பிட வேண்டியது அவனைத்தான்.

---

தேனி பழைய சாமி | அக்டோபர் 12, காலை 5:15

சாமி சரணம். நாலாவது சந்து தம்பி சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்தான். கோயில் முகப்பிலேயே "தத்வமஸி" என்று எழுதியிருக்கிறது. நீ எதைத் தேடி வந்தாயோ அது நீதான் என்று அர்த்தம். மாலை போட்டவனை அதனால்தான் சாமி என்கிறோம். மாலை போடாதவன் சாமி இல்லை என்று அதற்கு அர்த்தம் கிடையாது, இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

நான் 27 வருஷம் போனேன், இப்போது முழங்கால் விடவில்லை. 41 நாளும் முதல் ஷிப்டில்தான் இருக்க வேண்டும் என்று குறிச்சிக்காரருக்கு யார் சொன்னது? எங்கள் கம்பம், கூடலூர்ப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் விடியும் முன்னால் மலை ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிற ஆட்கள் மாலை போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து எந்த நேரம் குளிக்கிறார்களோ அந்த நேரம்தான் அவர்களுக்குச் சந்தி, பூஜை நேரம். ராத்திரி வேலை முடிந்து ஏழு மணிக்குக் குளித்துச் சரணம் சொன்னால் அய்யப்பன் வேண்டாம் என்பாரா? ரெண்டு வேளை குளி, ஒரு வேளையாவது பச்சரிசிச் சாதம், பொய் பேசாதே, கோபப்படாதே, பிரம்மச்சரியம். இதில் ஷிப்ட் எங்கே வருகிறது?

முதல் வருஷம் கன்னிசாமியாக இருந்தபோது உங்கள் குருசாமி உள்ளூர் வழக்கப்படி நேரம் சொல்லியிருப்பார். அவர் ஒருவேளை ரிட்டயர்ட் ஆளாக இருந்திருப்பார்.

---

குறிச்சி லேத் | அக்டோபர் 12, காலை 6:02

குருசாமி மளிகைக் கடை வைத்திருந்தார் சாமி. கடை ஏழரைக்குத்தான் திறப்பார்.

---

அடுப்படி ஓரம் | அக்டோபர் 12, காலை 11:20

ஞாயிற்றுக்கிழமை, இப்போதுதான் போனை எடுக்க நேரம் கிடைத்தது. முதல் பதிவை ரெண்டு தடவை படித்தேன். ஷிப்ட், பாய், குருசாமி எல்லாம் வந்தாயிற்று. உங்கள் வீட்டில் நாலரை மணிக்கு எழுந்து அடுப்பு பற்ற வைத்தது யார் என்று ஒரு வரிகூட இல்லையே அண்ணா?

நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங். என் வீட்டுக்காரர் 12 வருஷமாக மாலை போடுகிறார். அந்த நாட்களில் எனக்கு விடியல் மூன்றே முக்கால். முதலில் நான் குளித்தால்தான் அவர் பாத்திரத்தைத் தொடலாம். அவருக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிச் சமையல், பிள்ளைகளுக்குத் தனி. கறுப்பு வேட்டியை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. சாயங்காலம் ஆறரை வரை கம்பெனி, ஓ.டி. இருந்தால் எட்டரை, அதற்கு மேல் வந்து பூஜைப் பாத்திரம் தேய்க்க வேண்டும். மாதத்தில் மூன்று நாள் நான் நாத்தனார் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தாலும் அப்படித்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த 41 நாளுக்காகத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன். அந்த மனுஷன் குடிக்க மாட்டார். சம்பளம் முழுசாகக் கைக்கு வரும். மாலை போட்டவர்கள் பெண்களை மரியாதையாக அழைக்கிற மாதிரி என்னையே "மாளிகைபுரம்" என்று கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். வாங்க போங்க என்று என்னிடம் பேசுகிற ஒரே சீசன் அது. மாலை கழற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எந்த நடையில் வருகிறார் என்று தெரிய வேண்டுமே.

அதனால் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு எழுதினால் எல்லாரையும் சேர்த்து எழுதுங்கள்.

---

குறிச்சி லேத் | அக்டோபர் 12, மதியம் 1:10

தலை குனிந்துவிட்டேன் தங்கச்சி. நான் குடிக்கிற ஆள் இல்லை, அது ஒன்றுதான் என் பக்கம் சொல்லிக்கொள்ள. மற்றதெல்லாம் எங்கள் வீட்டிலும் அப்படியேதான். என் மனைவி தையல். மார்கழி மாசம் ப்ளவுஸ் ஆர்டர் எடுப்பதில்லை என்று போன வருஷம் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

---

சேஃப்டி ஹெல்மெட் | அக்டோபர் 12, மாலை 4:45

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஊர், கம்பெனி வேண்டாம். ஷிப்டை விடுங்கள், நவம்பர் வந்தால் என் தலைவலி வேறு. மாலை போட்டவர்கள் செருப்புப் போட மாட்டார்கள். ஷாப் ஃப்ளோரில் வெட்டிய இரும்புச் சுருள், சூடான இரும்புப் பிசிறு, கூலன்ட் எண்ணெய். வெறுங்காலோடு ஒரு அடி வைக்க விட மாட்டேன். வேட்டியும் அப்படித்தான். இரும்பைப் பிடித்துக்கொண்டு சுழலும் சக்கில் துணி மாட்டினால் ஆளை இழுத்துவிடும். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஓடுகிற மெஷினைத் தொடுகிறவன் இறுக்கமான உடை போட வேண்டும் என்று இருந்தது.

முதல் வருஷம் சட்டத்தைக் காட்டிச் சத்தம் போட்டேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரெண்டாவது வருஷம் ஒரு குருசாமியையே கூட்டி வந்தேன். அவர் ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்: "கருவியைத் தொடும்போது கருவிக்கு உரிய உடுப்பு. வாசலைத் தாண்டினதும் கழற்று." இப்போது கேட் பக்கத்தில் தனி ரேக் வைத்திருக்கிறோம். கறுப்பு நிறத்தில் பேன்ட் சட்டை, தோல் இல்லாத சேஃப்டி ஷூ. மாலை சட்டைக்குள்ளே, பொத்தான் கழுத்து வரை.

விடுப்பு பற்றி யாராவது கேட்பீர்கள் என்பதால்: தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷச் சட்டப்படி தொழிற்சாலைக்கு நாலு தேசிய விடுமுறை (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2), அது போக ஐந்து பண்டிகை நாள். வருஷத்தில் குறிப்பிட்ட அளவு நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. விரதத்துக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. அதனால்தான் எல்லாமே பக்கத்து மெஷின்காரன் தயவில் ஓடுகிறது. கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லாமல்.

---

நோன்புக் கஞ்சி | அக்டோபர் 12, இரவு 8:05

பாயின் இடத்தில் இருந்து ஒருவன் எழுத வேண்டும் அல்லவா. நான் மேலப்பாளையம், இப்போது சென்னையில் லேப் டெக்னீஷியன்.

அவர் உங்களிடம் சொல்லாததற்கு உங்கள் விரதம் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம்தான். இன்னொன்று, வாக்குக் கொடுத்தாயிற்று. வாப்பா (அப்பா) காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அது ஒரு பிடிவாதம். அமானிதம் என்போம். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அவர் திரும்பி வரும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் மெஷினை ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். அதில் மதம் எங்கே வந்தது? இதை ஏதோ பெரிய தியாகம் மாதிரி தூக்கி வைத்தால் அவருக்குக் கூச்சமாகப் போய்விடும். ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று யாராவது வாட்ஸாப்பில் போட்டால் இன்னும் மோசம்.

எருமேலியில் பேட்டை துள்ளும்போது, அய்யப்பனின் முஸ்லிம் தோழர் என்று சொல்லப்படும் வாவரின் பள்ளியைச் சுற்றி வருகிறீர்கள், சன்னிதானத்திலும் வாவர் நடை இருக்கிறது. அதையும் எல்லோரும் சொல்லிக்காட்டுவார்கள். வாவரிடம் யாராவது, "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்களா என்பது என் சந்தேகம் (கோபப்படாதீர்கள், விளையாட்டுக்குச் சொன்னேன்).

ஒரு கேள்வி. ரமலானுக்கு நீங்கள் அவருக்கு ஷிப்ட் மாற்றித் தருவீர்களா?

---

குறிச்சி லேத் | அக்டோபர் 12, இரவு 9:30

தருவேன். அதை நினைத்துத்தான் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன், சரிக்குச் சரி என்று. நீங்கள் கேட்டதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நோன்பு திறப்பது சாயங்காலம் ஆறரை வாக்கில், அதனால் அவனுக்கு ரெண்டாவது ஷிப்ட் மட்டும்தான் ஆகாது. மூணாவது ஷிப்ட் என்றால் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து விடியும் முன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டை மெஷின் பக்கத்திலேயே முடித்துக்கொள்வான். ஆக, முப்பது நாளில் நான் அவனுக்காக எடுப்பது ஒரு வாரம், மிஞ்சிப்போனால் ரெண்டு. என் ஆறு வாரத்தில் அவனுக்கு முதல் ஷிப்டே கிடையாது. சரிக்குச் சரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிவில் எழுதி அழித்தது.

2021 மார்கழியில் அவன் அத்தா (அப்பா) மௌத்தானார். நான் மாலையில் இருந்தேன். சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். போகவில்லை. உக்கடம் எங்கள் கம்பெனியிலிருந்து பத்து நிமிஷம். மய்யத்து அடக்கத்துக்குக் கம்பெனியிலிருந்து வேன் வைத்துப் போனார்கள், நான் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூணாம் நாளும் போகவில்லை. மாலை கழற்றிய பிறகு போனேன், 19 நாள் கழித்து. "வா சாமி" என்றுதான் கூப்பிட்டான், நான் மாலை கழற்றிவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தும். குத்தலா, பழக்கமா, இன்று வரைக்கும் புரியவில்லை.

---

தேனி பழைய சாமி | அக்டோபர் 13, காலை 5:40

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள்.

சாவுத் தீட்டு என்று இருப்பது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு வழியும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நெருங்கின சாவு என்றால் மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் போட்டுவிட்டுப் போக வேண்டும், அந்த வருஷம் மலை கிடையாது, அவ்வளவுதான். நெருங்கின சாவு எது என்பதை யார் முடிவு செய்வது? பங்காளி என்றால் பார்த்தே இருக்காத ஆளுக்கும் தீட்டுக் காக்கிறோம். எட்டு வருஷம் நமக்காக ராத்திரி கண் முழித்தவன் அப்பா நமக்குப் பங்காளி இல்லையா?

1999-இலோ 2000-இலோ, சரியாக நினைவில்லை, எங்கள் குழுவில் ஒருவர் இருமுடி கட்டுவதற்கு முதல் நாள் மாலையைக் கழற்றினார். வயலில் கூட வேலை பார்த்தவர் இறந்துவிட்டார், வேறு சாதி. பாடை தூக்கப் போனார். எங்களில் சில பேர் முணுமுணுத்தோம், நானும்தான். குருசாமி, "மலை எங்கேயும் போகாது, அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். மாலை கழற்றியவர் கட்ட வேண்டிய நெய்த்தேங்காயை வேறு ஒருவர் இருமுடியில் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனோம். அப்படியும் வழி இருக்கிறது. ஆள் போகாமலே நெய் போய்ச் சேரும்.

---

நாலாவது சந்து | அக்டோபர் 13, காலை 9:10

பழைய சாமி, உங்களோடு சண்டை போடலாம் என்று வந்தால் விட மாட்டேன் என்கிறீர்களே. ஒரு சந்தேகம் மட்டும். இத்தனை வழி இருக்கிறது என்றால், விதி எதற்கு?

---

தேனி பழைய சாமி | அக்டோபர் 13, காலை 9:25

வழியைத் தேட வைக்கத்தான் தம்பி.

---

நைட் டியூட்டி சிஸ்டர் | அக்டோபர் 13, மதியம் 3:00

நாகர்கோவில் பக்கம், நர்ஸ். 19 வருஷ சர்வீஸ். எங்கள் வார்டில் ஷிப்ட் மாற்றுவது என்பது ஒரு தனி உலகம். கிறிஸ்துமஸ் ராத்திரியும் பெரிய வெள்ளியும் நான் எடுக்க மாட்டேன், பொங்கலும் தீபாவளியும் நான்தான். எழுதப்படாத ஒப்பந்தம். யாராவது ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிப் புதிதாக ஒருத்தி வந்தால் எல்லாம் கலைந்து மறுபடி பேச வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்திய ஒரு தவக்காலத்தில் நான் குறிச்சிக்காரர் மாதிரியே ஒன்று செய்தேன். சாம்பல் புதனில் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம், இயேசு சிலுவை சுமந்ததைப் பதினாலு ஸ்தலமாக நினைத்து ஜெபிக்கும் சிலுவைப்பாதைக்குப் போயே தீருவேன் என்று நேர்ந்துகொண்டேன். என் கூட வேலை பார்க்கிற அக்கா எல்லா வெள்ளியும் எனக்காக நின்றார். கடைசியில் அவர் மகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் டியூஷன் என்றும், அந்தப் பிள்ளை இருட்டில் தனியாக நடந்து வந்தது என்றும் தெரிந்தது. அடுத்த வருஷம் சிலுவைப்பாதையை வார்டிலேயே, மாத்திரை கொடுத்துக்கொண்டு, மனதுக்குள் சொன்னேன். பதினாலு ஸ்தலத்துக்குப் பதினாலு படுக்கை. சரியாகப் பதினாலு படுக்கைதான் அந்த வரிசையில்.

அப்புறம் தொழில் சம்பந்தமாக ஒன்று, சொல்லாமல் போனால் மனசு கேட்காது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், கல் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகும், சில பேருக்கு விரலையே எடுக்க வேண்டி வருகிறது. ஜனவரி கடைசியில் எங்கள் வார்டுக்கு வந்து பாருங்கள், தெரியும். நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள், ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் குரானிலேயே விலக்கு இருக்கிறது என்று எங்கள் வார்டுக்கு வரும் ஒரு இமாம் வந்து வந்து சொல்லுவார். கேட்கிறவர்கள்தான் குறைவு.

---

செராங்கூன் ரோடு | அக்டோபர் 13, இரவு 7:40

இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்துக்கு 1968-லிருந்து பொது விடுமுறை கிடையாது. மலேசியாவில் பல மாநிலங்களில் உண்டு. காவடி எடுப்பவன் லீவு போட்டுத்தான் எடுக்க வேண்டும். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நாலு கிலோமீட்டர் நடை. நான் காவடி தூக்கிய வருஷம் எனக்காக டியூட்டி பார்த்தது ஒரு சீனர். மறுநாள் வந்து முதுகைக் காட்டு என்றார், காட்டினேன். "அடுத்த வருஷமும் நான் பார்க்கிறேன், எனக்குச் சீனப் புத்தாண்டுக்கு மூன்று நாள் தா" என்றார். இங்கே பேரம் பச்சையாக நடக்கும். உங்கள் பாய் பேரம் பேசாததுதான் உங்களுக்குப் பிரச்சினை என்று தோன்றுகிறது.

---

அடுப்படி ஓரம் | அக்டோபர் 13, இரவு 10:15

சரியாகச் சொன்னீர்கள். பேரம் பேசாதவர்களிடம்தான் எல்லோரும் கடன் வைக்கிறார்கள். குறிச்சி அண்ணா, வீட்டில் அண்ணியிடம் கேட்டீர்களா?

---

குறிச்சி லேத் | அக்டோபர் 21, இரவு 8:20

தீபாவளி வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை. ரெண்டு விஷயம்.

முதலில் வீடு. "இந்த வருஷம் மாலை போடட்டுமா, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று. அப்புறம் யோசித்துச் சொன்னாள்: "போங்க. எனக்கு வேண்டியது ரெண்டு. உங்க வேட்டியை நீங்களே துவைங்க. ஞாயித்துக்கிழமை என்னை ஆறரை வரைக்கும் எழுப்பாதீங்க." ப்ளவுஸ் ஆர்டரை ஏன் எடுப்பதில்லை என்றும் கேட்டேன். அதற்கு ஒரு பார்வைதான் பதில்.

மாதவிலக்கு விஷயம் அவளே எடுத்தாள். மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போவது தனக்குப் பிடிக்கும் என்றாள், அங்கே சமைக்க வேண்டாம். ஆனால் மகளை அதுமாதிரி அனுப்ப மாட்டாளாம். பிள்ளை ஒன்பதாவது படிக்கிறாள். அதில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அப்புறம் பாய். தீபாவளிக்குப் பலகாரம் வாங்க வந்தவனை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். அத்தா மௌத்துக்கு வராததைப் பற்றி நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் பேசினேன். இத்தனை நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேன்டா" என்று மட்டும் வந்தது.

அவன் கொஞ்ச நேரம் கீழே பிள்ளைகள் வெடி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா" என்றான். பரவாயில்லை, விடு என்று சொல்லுவான் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நீ வரலன்னதும் அம்மாதான் சொல்லிச்சு, அவன் விரதத்துல இருக்கான், கோவிச்சுக்காதேன்னு. நான் கோவிச்சுக்கிட்டேன்" என்றான். "அப்புறம் எதுக்குடா ஷிப்ட் மாத்திக் குடுத்தே?" "அது வேற, இது வேற."

எனக்கு அது எப்படி வேறு என்று புரியவில்லை. கேட்கவும் இல்லை.

இறங்கும்போது அவனே சொன்னான். அக்கா மகளுக்கு ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பொள்ளாச்சியில் மண்டபம். பந்தி பரிமாற ஆள் வேண்டும், அம்மாவைக் காரில் வைத்து மெதுவாக ஓட்டிப் போகவும் நிதானமான ஆள் வேண்டும். "சாமியா வராதே, ஆளா வா. பிரியாணி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றான்.

அதனால் இந்தக் கார்த்திகையில் மாலை இல்லை. நிக்காஹ் முடிந்து தையில் போட்டு, பங்குனி மாத பூஜைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஒவ்வொரு மலையாள மாசமும் முதல் ஐந்து நாள் நடை திறந்திருக்குமே.

---

நோன்புக் கஞ்சி | அக்டோபர் 21, இரவு 9:05

"ஆமா" என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. நல்லது.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு சிக்கல். 2026 ரமலான் பிப்ரவரி 18, 19 வாக்கில் தொடங்கும், பிறையைப் பொறுத்து. வருஷம் பதினோரு நாள் போல முன்னால் வந்துகொண்டே இருக்கிறது அல்லவா. தையில் மாலை போட்டால் உங்கள் கடைசி வாரங்களும் அவர் நோன்பும் ஒன்றாக விழும். நீங்கள் முதல் ஷிப்டே வேண்டும் என்பீர்கள், அவருக்கு ரெண்டாவது ஆகாது. அப்படியென்றால் உங்கள் மெஷினின் அந்த மூன்றாவது ஆள் கதி?

---

குறிச்சி லேத் | அக்டோபர் 21, இரவு 9:20

அய்யய்யோ. புதுப் பையன், போன மாசம்தான் சேர்ந்தான். மதியம் இரண்டரை முதல் ராத்திரி பத்தரை, வாரக்கணக்கில். அவன் வேலையை விட்டே ஓடிவிடுவான்.

---

சேஃப்டி ஹெல்மெட் | அக்டோபர் 21, இரவு 9:31

ஓடுவதற்கு முன் என் மாதிரி ஒரு ஆளிடம் வந்து புகார் எழுதிக் கொடுப்பான். எழுத வேண்டியதும் நியாயம்தான்.

---

தேனி பழைய சாமி | அக்டோபர் 22, காலை 5:10

ரமலான் முடிந்து ஏப்ரல் தொடக்கத்தில் மாலை போடுங்கள். 41 நாள் கணக்குப் பண்ணினால் மே நடுவில் வைகாசி மாத பூஜைக்குச் சரியாக வரும். சீசன் கூட்டம் இருக்காது. பம்பையிலிருந்து அஞ்சு கிலோமீட்டர், நீலிமலையில் நின்று நிதானமாக மூச்சு வாங்கலாம். மகரஜோதி அன்று போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் புல்மேட்டில் 2011-இல் நூறு பேருக்கு மேல் நெரிசலில் இறந்துபோனார்கள். அதில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களும் உண்டு. அதற்கப்புறம் நான் ஜோதிக்கு யாரையும் கூட்டிப் போனதில்லை.

ஷிப்டைத் தொடாதீர்கள். எந்த வாரம் எது வருகிறதோ அதிலேயே இருங்கள். டிரைவரையும் ராத்திரி தூங்க வையுங்கள். ஒரே மூச்சில் போய் வருகிறேன் என்று ஓட்டித்தான் வேன்கள் கவிழ்கின்றன.

---

குறிச்சி லேத் | அக்டோபர் 22, காலை 6:10

வைகாசி சரி. இன்று முதல் ஷிப்ட், அவனிடம் சொல்லிவிட்டேன். "அப்போ உன் ராத்திரி ஷிப்டெல்லாம் நீயே பாப்பியா? நான் என்னடா பண்றது ஆறு வாரம்?" என்கிறான். பழக்கமாகிவிட்டதாம்.

---

அடுப்படி ஓரம் | அக்டோபர் 22, மதியம் 1:05

வைகாசி வெயிலில் கறுப்பு வேட்டி சீக்கிரம் காயும். சோப்பு போட்டு அலசிவிட்டு நிழலில் உலர்த்துங்கள், இல்லையென்றால் வெளுத்துவிடும். நான் பன்னிரண்டு வருஷமாகத் துவைக்கிறேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

---

நாலாவது சந்து | அக்டோபர் 22, மதியம் 1:40

அந்த வேனில் ஒரு சீட் இருக்குமா? கும்பிட இல்லை. மலை பார்க்க. ஓட்டவும் தெரியும், ராத்திரியில் தூங்கியும் விடுவேன்.